டிரைவருக்கு இரண்டு ரத்தம்

அழைப்பு மணியை ஒருவர் மூன்று முறை அடித்தால் அவசரம். பதினொரு முறை அடித்தால் அது புருஷன் விவகாரம். அன்று காலை பதினொன்றைத் தாண்டி மணி ஓயவில்லை. பன்னிரண்டாவது அடியில் பொத்தான் கழன்று விழுந்தது.

"தம்பி, கதவு" என்றார் அண்ணி, பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். எட்டுப் பெட்டிக்கு அப்பால் கழிவறைக்குள் மூச்சை அடக்கி நிற்கும் ஆசாமியை இங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஆறு பெட்டிதான், அளக்காதே" என்று அவர் திருத்துவார். ஓய்வு பெற்ற பிறகு நாலு தெரு மர்மங்களை அவர் துலக்குகிறார், நான் உதவியாளன். அறுபத்து மூன்று வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஜீவன் அவர்தான். அதற்காகவே எந்த மழையிலும் குடை பிடித்துக்கொண்டு பின்னால் போவேன்.

வாசலில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி நின்றார்.

"திருட்டு கேஸுங்க" என்றார்.

"என்ன திருடு போச்சு?"

"ரத்தம்."

"கொசுவா இருந்தா நாங்க எடுத்துக்கறதில்லைங்க" என்றேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் இல்லாதவன் போல் ஓரமாக நகர்ந்து நின்றேன்.

வந்தவரின் கணவர் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருடமாக மலைப்பாதை வண்டி. எட்டு மாதம் முன்பு படியேறும்போது மூச்சு முட்டி உட்கார்ந்தார். இதயத் தசை தளர்ந்து, ஊதின பலூன் போல விரிந்துவிட்டது, ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டது என்றார்கள். வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மாத்திரை, ஆறு வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

அந்தப் பரிசோதனையின் பெயர் என்டி-புரோ-பிஎன்பி. ஏதோ தவறிப்போய்ப் பிரசுரமான ரயில் அட்டவணை மாதிரி இருக்கிறது. விஷயம் என்னவோ எளிது. இதயத் தசை பாரம் தாங்காமல் இழுபடும்போது ஒரு புரதத்தை ரத்தத்தில் விடும். தசையின் கண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுகை அதிகமானால் எண் அதிகம்.

அண்ணி ஃபைலைப் புரட்டினார். 2840. 2610. 2420. அடுத்த தாளில் 96. அதற்கடுத்ததில் 88. ஓரத்தில் 'நூற்றிருபத்தைந்துக்குள் இருந்தால் இயல்பு' என்று அச்சடித்திருந்தது.

"நல்ல சேதிதானேம்மா?" என்றேன். "மலை உச்சியிலேர்ந்து நேரா அடிவாரத்துக்கு வந்துட்டாரே!"

"பேப்பர்லதாங்க நல்ல சேதி. வீட்ல அவரு செருப்பு மாட்டினா மூச்சு வாங்கறாரு. நாலு படி ஏறிட்டு அஞ்சாவது படியில நின்னு, சுவத்துல பெயிண்ட் எப்படி இருக்குன்னு ஆராய்ச்சி பண்றாரு. மூணு தலைகாணி வெச்சாதான் படுக்க முடியுது. சாயங்காலம் சாக்ஸைக் கழட்டினா, கால்ல சாக்ஸோட கோடு அச்சடிச்ச மாதிரி பதிஞ்சிருக்கு. இப்படிப்பட்ட ஆளோட இதயத்துக்கு நூத்துக்கு நூறு மார்க்னா நான் நம்பணுமா?"

"யார் மேல சந்தேகம்?" அண்ணி கேட்டார்.

"கண்டக்டர் மேல. இவரோட கூட்டாளி. எருமை மாதிரி ஆரோக்கியம். லேபுக்கு இவரு போறப்பல்லாம் அவனும் கூடப் போறான். போன தடவை ரெண்டு பேரும் திரும்பி வந்தப்போ நான் பாத்தேன். இவரு கையில பஞ்சு ஒட்டியிருந்துச்சு. அவன் கையிலயும் பஞ்சு ஒட்டியிருந்துச்சு!"

எனக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. கடன் வாங்கிய ரத்தம்! முந்தாநாள் தொலைந்த பூனையைத் தேடி அலைந்த எங்களுக்கு இது எப்பேர்ப்பட்ட பதவி உயர்வு!

"நாளைக்கு மத்தியானம் கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போடறாருங்க. தொடர்ந்து ரெண்டு ரிப்போர்ட் நல்லா வந்தா வண்டியைத் தொடலாம்னு அவங்க கணக்கு. ஸ்கேனுக்குத் தேதி அடுத்த மாசம்தான். நாளன்னைக்குக் காலையில இவரு நாப்பத்தெட்டு பேரை ஏத்திக்கிட்டு மலை ஏறுவாரு. முப்பத்தாறு வளைவு. நடுவுல எங்கயாவது அந்த இதயம் நின்னா..."

அவர் முடிக்கவில்லை. நான் குடையைத் தேடி எடுத்தேன். 

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டார்.

*

லேபுக்குள் நுழைந்ததுமே ஊசிகள் வரிசையாகப் படுத்திருந்த ஒரு தட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒவ்வொன்றும் கடப்பாரை நீளம். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இவருக்கு என்ன டெஸ்ட்?" என்று கேட்டார் லேப் பொறுப்பாளர், கையுறையை உதறியபடி.

"இவருக்கு எந்த டெஸ்ட்டும் ஆகாது. பாஸ் ஆனதே இல்ல" என்றார் அண்ணி. டிரைவரின் மனைவியையும் ஃபைலையும் முன்னால் தள்ளி, நேராக விஷயத்துக்கு வந்தார். "ரத்தம் ஆள் மாறியிருக்குமா?"

லேப் அம்மாவின் புருவம் தலைமுடி வரை ஏறியது. "என் லேப்லயா? ஆளை உட்கார வெச்சு, பேர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, அவர் கண்ணு முன்னாடியே குழாய்ல ஸ்டிக்கர் ஒட்டறேன். அதுவும் அவரு நரம்பு கண்ணாமூச்சி ஆடற நரம்புங்க. ரெண்டு தடவையும் இடது கையில தேடிப் பிடிச்சு நான்தான் எடுத்தேன். ஊசி போடறப்போ ஹாரன் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுப்பாரு. அதையுமா வேற ஆளு பண்ண முடியும்?"

டிரைவர் மனைவி என்னைப் பார்த்து, "ஆமாங்க, அது எங்க வீட்டுக்காரரு சத்தம்தான்" என்று மெல்ல ஒப்புக்கொண்டார்.

"கண்டக்டர் கையில பஞ்சு?"

"அவருக்கும் அன்னைக்கு ஒரு டெஸ்ட் எடுத்தோம். என்ன டெஸ்ட்னு அவரையே கேட்டுக்குங்க. அடுத்தவங்க ரத்தத்தைப் பத்தி நான் பேச மாட்டேன்."

"மெஷின் கோளாறு?"

"அதே நாள் அதே மெஷின்ல அறுபது பேருக்குப் பாத்தேன். அதே குழாய்ல இவரு கிட்னி, உப்பு எல்லாம் பாத்தோம். ஆறு மாசமா எப்படியோ அப்படியே இருக்கு. இது ஒண்ணுதான் தடால்னு விழுந்துச்சு. மாத்திரை வேலை செய்யுதுன்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம்."

எங்கள் மாபெரும் ரத்தக் கொள்ளை வழக்கு அந்த இடத்திலேயே உயிரை விட்டது. நான் தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்தியிருப்பேன், தொப்பி இல்லை.

அண்ணி மட்டும் அசையவில்லை. "ரத்தம் மாறல. எண்தான் மாறியிருக்கு" என்றார் தனக்குத்தானே. பிறகு, "டெஸ்ட்டுக்கு முன்னாடி எழுதி வாங்கற தாள் இருக்குமே?"

இருந்தது. மொத்தம் ஐந்து தாள். 'வேறு மாத்திரைகள் எடுக்கிறீர்களா?' என்ற கேள்விக்கு முதல் மூன்றிலும் டிரைவர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: இல்லை. கடைசி இரண்டில்: 'டாக்டர் கொடுத்தது மட்டும்தான். வேறு எதுவும் எப்போதும் சாப்பிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. சத்தியம்.'

அண்ணியின் முகத்தில் விளக்கு எரிந்தது. அறுபது வாட் என்று சொல்லலாம். சரி, நாற்பது.

"தம்பி, டிக்கெட் வெச்சிருக்கறவன் என்ன பண்ணுவான்?"

"நீட்டுவான்."

"இல்லாதவன்?"

"கதை சொல்லுவான். பாட்டியை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு, பர்ஸை ஜன்னல் வழியா காக்கா தூக்கிட்டுப் போச்சு..."

"டிப்போ எந்தப் பக்கம்?" என்றார் அண்ணி டிரைவர் மனைவியிடம்.

*

டிப்போ வாசலில் கண்டக்டர் எங்களை வரவேற்றார். அவர் தலையில் இருந்ததை முடி என்று சொல்வது அவமரியாதை. அது ஒரு வனம். உள்ளே இரண்டு புலி இருந்தாலும் வெளியே தெரியாது.

"பஞ்சா? சர்க்கரை பாத்தேங்க" என்றார். "கூட வந்ததுதான் வந்தோம், நமக்கும் ஒண்ணு பாத்துக்கலாம்னு. பாத்திருக்கவே கூடாது. அன்னையிலேர்ந்து டீ கசக்குது." பிறகு டிரைவர் மனைவியைப் பார்த்து, "ஏன் அக்கா, என் ரத்தத்தைக் கொடுத்தா அண்ணன் சர்க்கரையிலல்ல மாட்டியிருப்பாரு!"

எருமை ஆரோக்கியம் அதோடு முடிந்தது.

டிரைவர் கடைசி வரிசையில் தன் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னும் கையெழுத்து ஆகவில்லை, ஆனாலும் வந்துவிட்டார். குழந்தைக்கு முகம் கழுவிவிடுவது போல் அப்படி ஒரு பக்குவம். தலையில் சீருடைத் தொப்பி, காதுவரை இறங்கியிருந்தது. மனைவியைக் கண்டதும், "நீ எங்க இங்க?" என்றார்.

"வண்டி பாக்க வந்தோம்" என்றார் அண்ணி முந்திக்கொண்டு. "உள்ள ஏறலாமா?"

டிரைவர் பெருமையாக முன்னால் ஏறினார். மூன்றே படிதான். மேல்படியில் நின்று, கைப்பிடிக் கம்பியில் துரு இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார். துரு இல்லை. மூச்சுதான் வாங்கியது.

அண்ணி கேட்காமலே டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். அண்ணியும் டிரைவரும் ஏறக்குறைய ஒரே உயரம். தலைக்கு மேலிருந்த உள்கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல பின்னாடி சீட்டெல்லாம் தெரியணுமில்ல?"

"ஆமா. கடைசி சீட்டு வரைக்கும் தெரியும்."

"எனக்கு என் வகிடுதான் தெரியுது."

டிரைவர் தொண்டையைச் செருமினார். "துடைக்கறப்போ யாராவது திருப்பியிருப்பாங்க."

"இருக்கும், இருக்கும்." அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினார். "அப்பப்பா, என்ன காத்து! தலையெல்லாம் பறந்துடுச்சு. தம்பி, சீப்பு வெச்சிருக்கியா?"

"அண்ணி, நான் சீப்பைப் பாத்தே இருபது வருஷம் ஆகுது" என்றேன், என் பளபளக்கும் உச்சியைத் தடவியபடி.

"இந்தாங்க" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து நீட்டினார் டிரைவர். நல்ல மனுஷன். உதவி என்றால் யோசிக்கவே மாட்டார்.

அண்ணி அந்தச் சீப்பையும் அவர் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து ஊர் டிப்போவில் ஒரு டயர் காற்றுப் போவது கேட்டது.

"தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார் அண்ணி.

டிரைவர், மனைவியைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார். தொப்பி கழன்றது. முழு வழுக்கை. ஆனால் உச்சியில், பாலைவனத்தில் வழி தவறிய பயணிகள் போல, மெல்லிய கறுப்பு முடிகள் நின்றிருந்தன. பதினேழு. இரண்டு முறை எண்ணினேன்.

"எவ்வளவு நாளா சாப்பிடறீங்க?"

"என்னது?"

அண்ணி பேசாமல் கையை நீட்டினார். ரயிலில் டிக்கெட் கேட்கும் அதே கை. அதற்கு எதிரே எப்பேர்ப்பட்டவனும் நிற்க முடியாது. டிரைவர் இருக்கைக்கு அடியில் குனிந்து, துணிக்குள் சுற்றியிருந்த ஒரு டப்பாவை எடுத்து அந்தக் கையில் வைத்தார். முடி வளர்ச்சி மாத்திரை.

"மூணு மாசமா."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"டப்பாவுல ஒண்ணுன்னு போட்டிருக்குங்க."

"நான் டப்பாவைக் கேக்கல."

"...ஆறு."

"ஆறா!" கண்டக்டர் அலறினார். "நான் ஒண்ணுதானேண்ணே சொன்னேன்! நானே ஒண்ணுதான் சாப்பிடறேன்!"

"உனக்குத் தோப்புக்குத் தண்ணி ஊத்தற வேலைடா. நான் பாறையில பயிர் வெக்கறேன்."

அண்ணி லேபுக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியைத் தட்டி, டப்பாவின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். முதல் பெயரே பயோட்டின், முடிக்கென்று விற்கும் வைட்டமின்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் பஸ்ஸின் வைப்பர் தானாக ஒரு முறை ஆடியது. "பயோட்டினா! ஒரு நாளைக்கு ஆறா! நான் வாயால கேட்டேனே! எழுதி வேற வாங்கினேனே!"

"அது எண்ணைக் குறைக்குமா?"

"எங்க மெஷின்ல குறைக்கும்ங்க. அந்தப் புரதத்தைப் பிடிச்சு ஒட்ட வெச்சு எண்ணறதுக்கு மெஷினே பயோட்டினைத்தான் கொக்கியா வெச்சிருக்கு. ரத்தத்துலயே பயோட்டின் கொட்டிக் கிடந்தா, ஒட்டற இடத்தையெல்லாம் அது பிடிச்சுக்கும். புரதம் ஒட்ட இடமில்லாம கழுவிக்கிட்டுப் போயிடும்."

டிரைவர் விழித்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க பாஷையில சொல்றேன். வண்டியில ஏற நூறு பேர் நிக்கிறாங்க. அதுக்குள்ள எவனோ ஜன்னல் வழியா கைக்குட்டையைப் போட்டு எல்லா சீட்டையும் பிடிச்சுட்டான். நாலு பேருக்குத்தான் இடம் கிடைச்சுது. நிக்கறவங்களை இறக்கிவிட்டுட்டு, உட்கார்ந்தவங்களை மட்டும் எண்ணிட்டு, 'இன்னைக்குக் கூட்டமே இல்ல'ன்னு எழுதறான் கண்டக்டர்."

"நான் அப்படி எழுத மாட்டேங்க" என்றார் கண்டக்டர்.

"கைக்குட்டை உங்க முடி மாத்திரை" என்றார் அண்ணி. "உங்க தசை முன்ன மாதிரியேதான் அழுதுட்டிருக்கு. மெஷின் காதுல விழல, அவ்வளவுதான்."

டிரைவர் பயணிகள் இருக்கையில் மெல்ல உட்கார்ந்தார். எனக்கு ஒரு நகைச்சுவை நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"அப்போ எனக்கு குணமாகலையா?"

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"தொண்ணூத்தாறுன்னு பாத்த அன்னைக்கு, பஸ் ஏறாம வீடு வரைக்கும் நடந்தே போனேங்க. மூச்சு வாங்கிச்சு. சந்தோஷத்துல வாங்குதுன்னு நெனச்சேன்."

"அந்தத் தாள்ல ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமில்ல?" என்றேன், என்னால் முடிந்த அளவு மென்மையாக.

"எப்படிங்க எழுதறது? பின்னால பத்துப் பேர் வரிசையில நிக்கிறாங்க. இருபத்திரண்டு வருஷம் மலை ஏறின ஆளு முடி மாத்திரை சாப்பிடறேன்னு எழுதவா? அதோட அது மருந்தா? வைட்டமின்தானே!" அவர் தொப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு மாசமா எல்லாரும் என்னை நோயாளின்னு பாக்கறாங்க. திரும்ப வந்து இந்த சீட்ல உட்கார்றப்போ, ஏறுற ஜனங்க, 'அட, டிரைவர் இளமையாயிட்டாரே'ன்னு சொல்லணும்னு ஆசை."

அதுவரை படியோரம் நின்ற மனைவி உள்ளே வந்தார். அடிப்பார் என்று நான் ஒதுங்கினேன். அவர் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்.

"முடிக்காகவா மனுஷா? பொண்ணு பாக்க வந்தப்போ எங்க வீட்டு ஃபேன் காத்துல உங்க தொப்பி பறந்துச்சு. நான் அந்தத் தலையை முழுசா பாத்துட்டுத்தான் சரின்னேன்!"

"அப்பவே பாத்துட்டியா?" டிரைவர் அதிர்ந்தார். "இருபத்தாறு வருஷமா சொல்லவே இல்ல!"

"நீங்க கேக்கவே இல்ல."

டிரைவர் கொஞ்ச நேரம் தன் பஸ்ஸின் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே அண்ணி டப்பாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.  நாளைக்கு மத்தியானம் கையெழுத்தை வாங்குவதா, உண்மையைச் சொல்வதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். டப்பாவைத் திரும்பத் துணியில் சுற்றி, 'சொல்லிடாதீங்க' என்று கெஞ்சினால் நாங்கள் என்ன செய்திருப்போமோ தெரியாது. பஸ் அவருடையது.

அவர் எழுந்தார். உள்கண்ணாடியைப் பிடித்து, கடைசி இருக்கை தெரியும்படி சரியாகத் திருப்பி வைத்தார்.

"கம்பெனி டாக்டர் மூணு மணிவரை இருப்பாரு" என்றார். "யாராவது கூட வாங்க. வழியில மனசு மாறிடப் போகுது."

நாங்கள் ஐந்து பேரும் போனோம். கம்பெனி டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"நாளைக்குத்தானே வரச் சொன்னேன்? பரவால்ல, இப்பவே போட்டுடறேன். கையெழுத்து எங்க போடணும்?"

"போடாதீங்க" என்றார் டிரைவர்.

பேனா அந்தரத்தில் நின்றது. எல்லாவற்றையும் கேட்டு முடித்த டாக்டர் டப்பாவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இந்த நாற்காலியில பதினெட்டு வருஷமா இருக்கேன். 'நல்லா இருக்கேன்னு எழுதிக் கொடுங்க'ன்னு ஆயிரம் பேர் வந்திருக்காங்க. 'எழுதாதீங்க'ன்னு வந்த முதல் ஆள் நீங்கதான்."

இரண்டு நாள் கழித்துக் காலையில் மலைப்பாதை வண்டி வேறு டிரைவரோடு கிளம்பியது. கண்டக்டர் வழியெல்லாம் அந்த டிரைவரைக் குறை சொன்னதாகக் கேள்வி.

மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஹாரன் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மாலையில் ரிப்போர்ட் வாங்க எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். டிரைவர் மனைவி தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பும்படி கத்தினார்:

"ரெண்டாயிரத்து முந்நூத்திப் பத்து! இதுதாங்க என் வீட்டுக்காரர் ரத்தம்!"

கெட்ட எண்ணை இவ்வளவு கொண்டாடிய குடும்பத்தை நான் பார்த்ததில்லை. இதய டாக்டர் அன்றைக்கே போனில், 96, 88-ஐ நம்பி மருந்தைக் குறைக்கலாம் என்றிருந்த யோசனையைத் தூக்கிப் போட்டு அளவைக் கூட்டிவிட்டார். கால் வீக்கத்துக்குத் தனி மாத்திரை. ஸ்கேன் தேதியையும் முன்னால் இழுத்துவிட்டார். மலை இப்போதைக்குக் கிடையாது, முதலில் வீட்டு மாடிப்படி, அதற்கப்புறம் பேசலாம் என்றார்.

"கத்தாதே" என்று டிரைவர், மனைவியின் கையை இழுத்தார். "எல்லாரும் பாக்கறாங்க. இதென்ன பாஸ் மார்க்கா?"

"ஃபெயில்தான்" என்றார் மனைவி, தாளைப் பத்திரமாக நான்காக மடித்தபடி. "ஆனா காப்பி அடிக்காம வாங்கின மார்க்."